கமலம்மாவின் கனம்

ஆந்திர ராஜ்ஜியம் பிறந்த மூன்றாவது கோடையில், நெல்லிப்பட்டடைக் கூலிக்காரி கமலம்மாவை நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்தும் ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை. அந்த வாரம் புத்தூர்ச் சந்தையில் புளி விலை ஏறியிருந்தது, கேணிகளில் தண்ணீர் இறங்கியிருந்தது, மற்றபடி சித்தூர் ஜில்லாவில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. மாடுகள் எட்டும் நல்ல மாடுகள். கரும்பு வண்டியை மேட்டில் ஏற்றிப் பழகியவை, அவற்றின்மேல் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கமலம்மாவும் ஒன்றும் மலை போன்ற ஆளில்லை. எத்தனை உருண்டை களி தின்றாலும் உடம்பில் ஒட்டாத ஜாதி. காற்று பலமாக அடித்தால் வரப்பிலிருந்து விழுந்துவிடுவாள் என்று புருஷன் ஏகாம்பரமே கேலி பண்ணுவான். அப்பேர்ப்பட்டவளுக்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊருக்கு மேற்கே இருந்த மடத்தையும் கிழக்கே இருந்த வேதக்கோயிலையும் சொல்லாமல் தீராது.

மேற்கே மலையடிவாரத்தில் நாராயணசாமி சாமியார் மடம் வைத்திருந்தார். சீடர்களை வரிசையாக உட்காரவைத்து மூச்சைக் கட்டப் பழக்குவார். கமலம்மா காலையில் அந்த மடத்துக்கு வெளியே பெருக்குவாள். மதிலுக்கு உள்ளே அவள் தெருவாருக்கு இடமில்லை. ஆனால் சாமியாருக்குத் தொண்டை பெரிது, அவர் சீடனுக்குச் சொன்னதெல்லாம் மதிலைத் தாண்டி விளக்குமாறு வரைக்கும் வந்துவிடும். கிழக்கே ஏரிக்கரை தாண்டி யாக்கோபு உபதேசியார் இருந்தார். சபையாருக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. எகிப்து தேசத்து மணற்காட்டில் ஆதிகாலத்தில் தனித்திருந்த கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு, அவர்களைப்போலவே வாய் திறக்காமல் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். வாய் திறக்காத உபதேசியாருக்கு எதற்குச் சம்பளம் என்று சபை அவரை நிறுத்திவிட்டது. கூரை சரிந்த பழைய வேதக்கோயிலின் பக்கத்து அறையில் அவர் பாட்டுக்கு இருந்தார். சாயங்காலம் அவருக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது கமலம்மாவின் வேலை.

ஒரு நாள் குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தவள், உபதேசியார் முகவாயை நெஞ்சில் புதைத்து, கண்ணைத் தொப்புளில் நிறுத்தி, மூச்சு உள்ளே போகையில் "ஏசுவே" என்றும் வெளியே வருகையில் "இரங்கும்" என்றும் உதடசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "இன்னா சாமி, நீங்களும் மூச்சப் புடிச்சிக்கினு ஒக்காந்துக்கினீங்க? மடத்துச் சாமியாரும் இதேதான் செய்றாரு. அவரு சிவசிவான்றாரு, அவ்ளோதான் வித்தியாசம்" என்றாள். உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷமாக எகிப்தில் தேடியதை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒருவன் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் போடாது? மறுநாள் விஷயம் மடத்துக்குப் போனபோது சாமியாருக்கு அதைவிடப் பெரிய ஆத்திரம். அந்த வேதக்காரன் நம்ம சரக்கைத் திருடிவிட்டான் என்று குதித்தார். குதித்து முடித்தபின் மதிலோரம் வந்து, "ஆமா, பல்லைச் சேத்து வைக்கறானா, பிரிச்சு வைக்கறானா? பாத்துட்டு வா" என்றார்.

அன்றிலிருந்து வருஷக்கணக்காக அவர்கள் இரண்டு பேரும் கமலம்மாவின் இடுப்புக் குடம் வழியாகவே சண்டை போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்க்க மனமும் இல்லை. மணற்காட்டார் மனசுக்குள் வரும் கெட்ட நினைப்புகளை எட்டு என்று எண்ணிவைத்தார்கள் என்பார் உபதேசியார். யோகத்துக்கு அங்கம் எட்டு என்பார் சாமியார். அந்த எட்டு வேறு, இந்த எட்டு வேறு; ஆனாலும் எண்ணிக்கை ஒத்துப்போனதில் கமலம்மாவுக்கு ஒரு திருப்தி. இவர் அரை வயிறு சாப்பிடச் சொன்னால் அவரும் அரை வயிறு. சாமியார் உள்ளே ஒரு சூடு எழும்பும் என்றால் உபதேசியார் அதே சூட்டை நெஞ்சில் அக்கினி இறங்குவது என்பார். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையே வரவில்லை. அது உச்சிப்பேய். மணற்காட்டுத் துறவிகள் ராத்திரிப் பிசாசுக்குக்கூடப் பயப்படவில்லை, பட்டப்பகலில் வருகிற ஒன்றுக்குத்தான் நடுங்கினார்கள் என்று உபதேசியார் சொல்லி அனுப்பினார். அது பல்லைக் காட்டாது, கழுத்தைக் கடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடம் சரியில்லை, அந்தப் பக்கம் நல்லாயிருக்கு, எழுந்து வா என்று நயமாகச் சொல்லும், அவ்வளவுதான். சாமியார் இதைக் கேட்டுச் சீடர்களை உள்ளே அனுப்பிவிட்டு மதிலோரம் வந்தார். "இங்கியும் வரும்" என்று மட்டும் சொன்னார்.

இப்படிச் சுமந்து சுமந்து கமலம்மாவுக்கும் உட்கார்ந்து பார்க்க ஆசை வந்தது. மூச்சோடு சொல்ல ஒரு பேர் வேண்டுமே என்று இரண்டு பக்கமும் கேட்டாள். உனக்கெல்லாம் மந்திரம் கிடையாது என்றார் சாமியார், ஏதோ களி இல்லை என்பதுபோல. முதலில் ஞானஸ்நானம், பிறகு பேர் என்று சபைக்காரர்கள் விதித்திருந்தார்கள், அதை மீற உபதேசியாருக்குத் தைரியம் வரவில்லை. கமலம்மாவுக்கு வயிறு எரிந்தது. "உங்க பேருங்கள நீங்களே வெச்சிக்கினு நல்லா இருங்க" என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். குடிசை வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். மூச்சு உள்ளே போகையில் 'இங்க', வெளியே வருகையில் 'தான்'. வேறு பேர் அவளுக்குத் தெரியவுமில்லை, தேவைப்படவுமில்லை. கொஞ்ச நாளில் அவள் உட்காரும் இடத்தில் தரை குழிந்தது. சோற்று நேரத்தில் எழுப்பப் போன ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், அது களத்துக் கல்லுருளைபோல் கிடந்தது. பசியில் கைசோர்வு என்று நினைத்துக்கொண்டு தானே போட்டுத் தின்றான்.

அவள் குடிசை நின்ற இரண்டு சென்ட் இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கமலம்மாவின் ஜனம் நிலம் இல்லாத ஜனம். பண்ணைக்கு ஆள் வேண்டுமென்றால் கேணிப் பக்கம் குடிசை போடச் சொல்வார்கள், வேண்டாமென்றால் குடிசையைப் பிரித்து ஓடைப் பக்கம் போடச் சொல்வார்கள். அவள் நைனா இருந்த இடத்தில் இப்போது தென்னந்தோப்பு, தாத்தா இருந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை. புங்கமரத்தடி ஒன்றுதான் பிரித்துப் போடாமல் தங்கியது. அங்கே மண் குழைத்து அவளே சுவர் வைத்தாள். பிறந்து மூன்றாம் மாசமே போய்விட்ட பிள்ளையை அந்தச் சுவரோரம்தான் புதைத்திருந்தாள். அது போனால் அவளுக்கு உலகத்தில் சொல்லிக்கொள்ள ஒரு சாண் மண்ணும் கிடையாது.

அதற்குத்தான் கேடு வந்தது. புது ராஜ்ஜியத்தில் கரும்பாலைக்கு ஒரு ரோடு போட முடிவாயிற்று. நேராகப் போனால் பெரிய பண்ணை நாகபூஷணத்தின் கரும்பு வயலுக்குள் போகும். ஊரில் எல்லாக் கோடுகளையும் பண்ணை சொல்கிறபடி இழுத்துத்தான் பழக்கம். ரோட்டுக் கோடும் கொஞ்சம் நெளிந்து, கரும்பை விட்டுவிட்டு கமலம்மா தெருவில் ஏறியது. அப்போது எல்லை எங்கே வரும் என்பதே பெரிய பேச்சு. திருத்தணி எங்களுக்கு, திருப்பதி எங்களுக்கு என்று இரண்டு பக்கமும் மேடை போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாகபூஷணம் அந்த நெருப்பிலும் குளிர்காய்ந்தார். அவர் வீட்டுப் பேச்சும் பாதி தமிழ்தான் என்பது வேறு விஷயம். "ஏமே கமலம்மா, நீங்கள்லாம் அரவம் பேசறவங்க, தமிழ்க்காரங்க. உங்க ராஜ்ஜியம் அந்தப் பக்கம் இருக்குதுல்ல? லேச்சிப் போவே, எழுந்து போய்டு" என்றார். "எங்க போறது? என் புள்ள இங்க கீது" என்றாள் கமலம்மா.

அந்தச் சித்திரையில் உச்சிப்பேய் ஊருக்குள் வந்தது. சலவை வேட்டி கட்டி, தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ரயிலுக்குப் போகிற ஆள்போல் வந்தது. காலடியில் நிழல் இல்லை என்பதைத் தவிரப் பார்க்க மரியாதையாகவே இருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, தடாப் பக்கம் உப்பளத்தில் வேலை இருக்கு, திருத்தணிப் பக்கம் மனை கொடுக்கிறார்கள், இங்கே என்ன இருக்கு என்று பேசியது. ஒவ்வொரு மத்தியானத்துக்கும் ஒரு குடிசை காலியானது. சண்டை இல்லை, அடிதடி இல்லை, பண்ணைக்குக் கைச்செலவும் இல்லை. கமலம்மா வாசலுக்கும் வந்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்து, "நடந்து வந்துக்கினு கீற, கூழு துன்னுட்டுப் போ" என்றாள். பேய்க்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. கூழைக் குடித்தது, பெட்டியை எடுத்துக்கொண்டு தலை குனிந்து போனது. ஆனால் போகிற வழியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஏகாம்பரத்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"தடாவுக்குப் போயிடலாம்மே" என்றான் ஏகாம்பரம், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. அவன் பண்ணையில் வண்டிக்காரன், பண்ணையை எதிர்த்துத் தும்மினதுகூட இல்லை. "ஆயிரம் சொன்னாலும் அவங்க பெரிய கை. நம்மளால முடியுமா?"

"நீ போ. நான் வல்ல."

"ஒத்தையில இன்னா பண்ணுவ?"

"ஒக்காந்துக்கினு இருப்பேன்" என்றாள் கமலம்மா. அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது.

வைகாசியில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். தெருவில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். புங்கமரத்தடியில் முகவாயை நெஞ்சில் புதைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். பிறகு நாலு பேர். கடப்பாரையைக் கீழே கொடுத்து நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. நாகபூஷணம் வந்து பார்த்துவிட்டு மாடு பூட்டச் சொன்னார். பண்ணை மாட்டைப் பூட்டுகிறவன் ஏகாம்பரம்தானே? அவன் கயிற்றைக் கொண்டுவந்து தன் பெண்டாட்டி இடுப்பில் தானே கட்டினான். முடிச்சு தளர்வாகத்தான் விழுந்தது. "இறுக்கிக் கட்டுய்யா, அவுந்துரப் போவுது" என்றாள் அவள், பேச்சு நின்று ஒரு மாசம் கழித்து அவனிடம் சொன்ன முதல் வார்த்தையாக. அவன் மாட்டை அதட்டினான். எட்டு மாடும் முட்டி போட்டு இழுத்தன, வாயில் நுரை தள்ளியது, நுகத்தடி முறிந்தது. ஏகாம்பரம் சாட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

சேதி கேட்டுச் சாமியாரும் உபதேசியாரும் ஓடிவந்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான். இது கரிமா, அஷ்டமா சித்தியில் ஒன்று, உடம்பைக் கனமாக்குவது, என் மதிலோரம் கற்றது, இவளை மடத்தில் வைத்துப் பூசிக்க வேண்டும் என்றார் சாமியார். ஆதிசபைக் காலத்தில் சிசிலித் தீவில் ஒரு கன்னிப்பெண்ணை இப்படித்தான் மாடு கட்டி இழுத்தும் நகர்த்த முடியவில்லை, இது அந்த ஆவியின் கிருபை, இவள் எங்களைச் சேர்ந்தவள் என்றார் உபதேசியார். குரல் ஏறியது, கை ஓங்கியது. "உள்ள வராதன்னு சொன்னது நீ. ஞானஸ்நானம் இல்லாம பேரு இல்லன்னு சொன்னது நீ. இப்ப பங்குக்கு மட்டும் வந்துட்டீங்களா? வெயிலு கொளுத்துது, யாராவது ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாள் கமலம்மா. ஏகாம்பரம் எழுந்து பண்ணைக் கேணிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மற்ற இரண்டு பேரும் மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

இங்கேதான் ஊரார் ஒரு தப்புப் பண்ணினார்கள். நெல்லிப்பட்டடைப் பெருமாள் தேர் வருஷா வருஷம் தெற்கு முனையில் திரும்பும்போது சிக்கிக்கொள்ளும். சிக்கிய தேரை அசைக்க ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: தேர்வடத்தைப் புதிதாகக் கட்டி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கோவிந்தா போட்டு இழுப்பது. மாட்டுக் கயிறு போதவில்லை, தேர்வடத்தைக் கொண்டு வாங்கடா என்று நாகபூஷணம் கோபத்தில் உத்தரவு போட்டார். வடத்துக்குப் பொறுப்பு முனிகிருஷ்ணன். அவன் வடத்தைச் சுமந்து வந்து கமலம்மாவைச் சுற்றிக் கட்டினான். கட்டிய கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் தேங்காயை உடைத்துவிட்டான். ஒருவன் கற்பூரம் கொளுத்தினான். வடம் பிடித்த ஐம்பது அறுபது பேரும் தங்களை அறியாமல் "கோவிந்தா!" என்றார்கள். இழுத்தும் அவள் அசையவில்லை. நாகபூஷணமே செருப்பைக் கழற்றிவிட்டு, கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டபிறகுதான் என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் உறைத்தது. கமலம்மா தெருக்காரர்கள் அந்த வடத்தைத் தொட்டால் கையை முறிப்பார்கள் என்பது ஊர் வழக்கம். இப்போது ஊரே அதைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் கட்டி ஆரத்தியும் காட்டியாகிவிட்டது. வடம் தீட்டு என்றால் தேர் ஓடாது. தேர் ஓட வேண்டுமென்றால் அவள் சாமி.

நாகபூஷணம் சாமான்யப்பட்ட ஆளா? கொஞ்ச நேரம் மீசையை நீவினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ மனுஷி இல்ல, அம்மன். இங்கயே கோயில் கட்டிடலாம். நானே தர்மகர்த்தாவா நின்னு செய்றேன்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கோயில் வந்தால் இடம் அம்மனுக்கு, அம்மன் கணக்கு தர்மகர்த்தாவுக்கு, ரோடு கோயிலைச் சுற்றி அவள் குடிசை மண்சுவரின் மேலேயே போகும், அம்மன் வாய் திறந்து என் பிள்ளையைப் புதைத்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஊர் மகிழ்ந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து சேதி கேட்டு வந்த அவள் ஜனத்தாரே, நம்ம ஜனத்துலேர்ந்து ஒரு அம்மன் என்று கண்ணீர் விட்டார்கள். "ஒத்துக்கோ தாயி, நமக்கு மரியாதிடி" என்றாள் ஒருத்தி.

கமலம்மா கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அம்மனுக்கு ஊடு எதுக்கு, அடுப்பு எதுக்கு? கல்லாக்கிட்டு நீங்க பூட்டு போட்டுக்குவீங்க. நான் கமலம்மா. கூலிக்காரி. துன்னணும், தூங்கணும், எம் புள்ளைக்கு வெளக்கு வெக்கணும். மனுஷிக்கு எடம் குடுக்க மாட்டேன்றவன் சாமிக்கு இன்னாடா குடுக்கறது?" என்றாள். சொல்லிவிட்டு, அறுபது பேர் இழுத்து அசையாதவள், முந்தானையை உதறிக்கொண்டு தாவணிப் பெண்போல் எழுந்தாள். வடம் தானே நழுவி விழுந்தது. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். நகரிச் சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை வறுத்துக் குழம்பு வைத்தாள். அந்த வாசனை எழும்பியதும் கற்பூரம் இருந்த இடம் தெரியவில்லை. வடத்தோடு வந்திருந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார், வடத்தைச் சுருட்டிக்கொண்டு முனிகிருஷ்ணன் ஓடினான். சாமியாருக்கும் உபதேசியாருக்கும் மட்டும் வாயில் நீர் ஊறியது, எழுந்து போகவில்லை.

எழுந்துட்டாடா, பிரிங்கடா கூரையை என்று நாகபூஷணம் கத்தினார். ஆட்கள் பாய்ந்தார்கள். கூரையிலிருந்து ஒரு ஓலையை உருவினான் ஒருவன், வரவில்லை. விளக்குமாறு வரவில்லை. வாசலில் கவிழ்த்திருந்த சட்டியை மூன்று பேர் சேர்ந்து புரட்டப் பார்த்தார்கள், சட்டி அங்கேயே இருந்தது. அவள் கைக்கு அகப்பை இலேசாக ஆடியது, அடுத்தவன் கைக்கு ஒரு துரும்பும் கிளம்பவில்லை. கனம் அவள் உடம்பில் இல்லை, அந்த இரண்டு சென்ட் மண்ணில் ஊறிக் கிடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நாகபூஷணம் தானே குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுக்கப் போனார், இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோடு மறுபடி நேராகி அவர் கரும்பு வழியாகவே போயிற்று.

ஏகாம்பரம் சாயங்காலம் வாசலில் நின்றான். அவள் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி வைத்தாள். அவனால் தட்டைத் தூக்க முடியவில்லை. தலையைத் தொங்கவிட்டான். "தூக்காத. அப்பிடியே குனிஞ்சி துன்னு. நாளைலேர்ந்து உச்சி வேளைக்கு எம் பக்கத்துல ஒக்காரு, தானா வரும்" என்றாள். அவன் மாடு மாதிரிக் குனிந்து தின்றான். ஆடி பிறக்கும்போது சொம்பைத் தூக்க வந்தது, தை மாசத்தில் தட்டும் வந்தது. தடாவுக்கும் திருத்தணிக்கும் போனவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பினார்கள். உச்சி வேளையில் தெரு முழுக்க அவரவர் வாசலில் அவரவர் உட்கார்ந்தார்கள். சிலர் சிவசிவா என்றார்கள், சிலர் ஏசுவே என்றார்கள், சிலர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கும் பழக்கம் அதோடு ஒழிந்தது. சாமியாரும் உபதேசியாரும் வாரம் ஒருமுறை புங்கமரத்தடிக்கு வந்து நேருக்கு நேர் சண்டை போட்டுவிட்டு, கருவாட்டுக் குழம்பு இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது, நெல்லிப்பட்டடை சித்தூரிலேயே நின்றது. சித்தூரிலிருந்து ஒரு இளம் அதிகாரி விஷயத்தைத் தெருவில் சொல்ல வந்தார். தமிழும் தெலுங்கும் கலந்து, நல்ல மனுஷராகவே பேசினார். உங்கள் ராஜ்ஜியம் அந்தப் பக்கம் ஆகிவிட்டது, விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், போய்ச் சேர வழி பண்ணலாம் என்றார். "ராஜ்ஜியம் அதுபாட்டுக்கு வரும் போவும் சார்" என்றாள் கமலம்மா. "அது எங்க போனாலும் போவட்டும். நாங்க எங்கியும் போறதா இல்ல."

அதிகாரி முக்காலியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் அதைப் புங்கமர நிழலுக்கு இழுத்தார். முதலில் ஒரு கையால், பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும். முக்காலி அசையவில்லை.

"அது உங்களுக்கு நவராது சார். கொஞ்சம் பொறுங்க, நெழலு வந்துரும்" என்றாள் கமலம்மா.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி அதிலேயே உட்கார்ந்து, அவள் சொம்பிலிருந்து அவர் கையில் ஊற்றிய மோரைக் குடித்துக்கொண்டு, நிழலுக்காகக் காத்திருந்தார்.